தலைமடை குளிர்ந்தது, கடைமடை வெந்தது

வண்டி 2015 மாடல் டீசல் செடான். ஓட்டம் 92,000 கிலோமீட்டர் சொச்சம். டிரைவரும் பக்கத்து சீட்காரரும் தனித்தனியே வெப்பநிலை வைத்துக்கொள்ளும் ஆட்டோ ஏசி. ஏசிக்குள் ஓடிக் குளிர்விப்பது ஆர்134ஏ கேஸ். புகார் ஒரே வரி: இடது பக்கம் குளிர்கிறது, வலது பக்கம் குளிரவில்லை. வந்தது மே மாதம், கத்திரி வெயில் நடுவில்.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீடு பாளையங்கோட்டையில், ஊரில் கொஞ்சம் வயலும் உண்டு. மாதம் இரண்டு முறை மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போய்வருவார். கடை வாசலில் வண்டியை நிறுத்தியவர் எதையும் விளக்கவில்லை. இறங்கி நின்றுகொண்டு, "நீங்களே உக்காந்து பாருங்க தம்பி" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இடது சீட்டில் அவர் மனைவி, நமக்கு மதினி, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தியிருந்தார். எனக்கு இரண்டு நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது.

"என் பக்கம் அனலடிக்கு, அவ பக்கம் போர்வை கேக்கா. ஒரே வண்டிக்குள்ள ரெண்டு ஊரு" என்றார் அண்ணாச்சி ஜன்னல் வழியாக.

பழைய கதையைக் கேட்டேன். இந்த மாதிரி வேலையில் பாதி நோய் அங்கேதான் கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் குளிர்ச்சி குறைந்து, ஒரு இடத்தில் 'கேஸ் டாப்-அப்' செய்திருக்கிறார்கள். போன கோடையில் டிரைவர் பக்கம் மட்டும் சூடாக ஆரம்பித்திருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வலது பக்க ஃபிளாப் மோட்டாரை மாற்றினார்கள். சரியாகவில்லை. "மாத்துனதுக்கு அப்புறம் கொஞ்சம் கூடுதலாத்தான் வேகுது" என்றார். அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் போட்டுப் பார்த்து, "கேஸ் கரெக்டா இருக்கு, டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே இருக்கிற ஏசி பெட்டியையே மாத்தணும்" என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் காசே வாங்கவில்லை. நாகர்கோவில் போகும்போது மத்தியான வெயில் டிரைவர் பக்கம் அடிக்கிறது, அதனால்தான் சூடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெயில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் தெற்கே இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் போனால் மேற்கு வெயில் வலது கண்ணாடியில் விழும், அது உண்மைதான். ஆனால் திரும்பி வரும்போது? சாயங்காலம் வடக்கு நோக்கி வந்தால் அதே வெயில் மதினி பக்கம் விழ வேண்டும். "வரும்போது எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வரும்போதும் எனக்குத்தான் வேகும்" என்றார். ஆக, வெயிலுக்கு இதில் பங்கு இருந்தாலும் அது சின்னப் பங்கு.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு வருவது எளிதாக இருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ப்ளோயர் என்ற விசிறி தள்ளும் காற்று முழுவதும் முதலில் கூலிங் காயில் வழியாகப் போகிறது. அதற்குப் பின்னால் இன்ஜினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயில். குளிர்ந்த காற்று ஹீட்டர் காயிலைத் தொடாமல் நேராக வர வேண்டுமா, அதைத் தொட்டுக் கொஞ்சம் சூடாகி வர வேண்டுமா என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு தீர்மானிக்கும். அதுதான் ஃபிளாப். இந்த வண்டியில் பெட்டிக்கு நடுவே தடுப்பு வைத்து, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு கதவு, இரண்டு மோட்டார். ஒரு பக்கம் மட்டும் சூடு என்றவுடன் எல்லோருடைய கையும் அந்த மோட்டார் மீது போவதில் ஆச்சரியம் இல்லை. என் கையும் அங்கேதான் போனது.

நிழலில் நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் ஆகக் குறைந்த 'லோ'வில் வைத்தேன். ஆட்டோ ஏசியில் இப்படி வைப்பதில் ஒரு லாபம் உண்டு. டேஷ்போர்டு மேலே இருக்கும் வெயில் சென்சார், உள்ளே காற்றை உறிஞ்சிப் பார்க்கும் கேபின் சென்சார், பம்பருக்குப் பின்னால் இருக்கும் வெளி சென்சார் எல்லாம் 22, 24 என்று வைக்கும்போதுதான் கணக்கில் பேசும். 'லோ' என்று வைத்துவிட்டால் கதவு முழுக் குளிரில் போய் நிற்க வேண்டும், சென்சார் என்ன சொன்னாலும் சரி. அப்போதும் வலது பக்கம் சூடு வந்தால் மூன்று சென்சாரையும் ஒரே மூச்சில் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சூடு வந்தது.

காற்று வரும் நான்கு வென்டிலும் தெர்மாமீட்டர் குத்தினேன். வெளியே 36 டிகிரி. உள்காற்று சுழற்சி, ப்ளோயர் நடு வேகம், இன்ஜின் 1500 சுற்று, பத்து நிமிடம். இடது பக்கம் 8 டிகிரி. வலது பக்கம் 18. காற்றின் அளவு இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் வந்தது, ஆகவே குழாய் கழன்றோ அடைத்தோ இல்லை. இடது பக்கத்தை மட்டும் 'ஹை'க்குத் திருப்பினேன், வெந்நீர்ச் சூடு வந்தது. திரும்ப 'லோ', குளிர் வந்தது. வலது பக்கமும் அப்படியே. இரண்டு கதவும் நகர்கின்றன. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் வலது ஃபிளாப் "கட்டளை 0 சதவீதம், நிலை 0 சதவீதம்" என்று காட்டியது. அதாவது முழுக் குளிர்.

இந்த இடத்தில்தான் அடுத்த சோதனை முக்கியம், செலவே இல்லாத சோதனை. இன்ஜினிலிருந்து ஹீட்டர் காயிலுக்கு வெந்நீர் போகும் ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு நெரித்துவிட வேண்டும். கதவு ஒழுங்காக மூடாமல் சூட்டைக் கலக்கிறது என்றால், வெந்நீர் நின்று ஹீட்டர் காயில் ஆறியதும் வலது பக்கமும் இடதைப் போலக் குளிர்ந்துவிடும். அப்படியும் மாறவில்லை என்றால் கதவு நிரபராதி. (ரப்பர் பழசாக இருந்தால் நெரிக்காதீர்கள், வெடித்து வெந்நீர் கையில் கொட்டும். துணி சுற்றி, தட்டையான வாய் உள்ள கிளாம்ப் போடுங்கள்.)

பத்து நிமிடம் காத்திருந்தேன். வலது பக்கம் 18இலிருந்து இறங்கி 15இல் நின்றது. அதற்குக் கீழே போக மறுத்துவிட்டது.

கடைப் பையன் உற்சாகமாகிவிட்டான். "குறையுது அண்ணே, அப்ப ஃபிளாப்தான்!" அவன் சொன்னது தப்பில்லை, பாதி சரி. வித்தியாசம் மொத்தம் 10 டிகிரி. அதில் கதவு வழியாகக் கசியும் சூடு 3 டிகிரி. வெந்நீரே இல்லாதபோதும் மிச்சம் 7 டிகிரி நிற்கிறது என்றால், அந்தக் காற்று கூலிங் காயிலை விட்டு வெளியே வரும்போதே 15 டிகிரியாகத்தான் வருகிறது. காயிலின் ஒரு பாதி நனைந்து ஜில்லென்று இருக்கிறது, மறு பாதி சும்மா இருக்கிறது. அண்ணாச்சி வண்டியில் இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. பெரியது, சின்னது. முன்னால் பார்த்தவர்கள் சின்னதின் பின்னால் போயிருக்கிறார்கள்.

கேஜ் சொன்ன பொய்

கேஜ் மாட்டினேன். கம்ப்ரஸர் கேஸை இழுக்கும் பக்கமான லோ சைடு 33 பிஎஸ்ஐ, அமுக்கித் தள்ளும் பக்கமான ஹை சைடு 170. இரண்டாவது ஒர்க்‌ஷாப்காரர் ஏன் "கேஸ் கரெக்ட்" என்றார் என்று உடனே புரிந்தது. லோ சைடு 33 என்றால் கூலிங் காயிலில் கேஸ் சுமார் 3 டிகிரியில் கொதிக்கிறது. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஹை சைடு கொஞ்சம் தாழ்வு, ஆனால் பார்த்ததும் உறுத்தும் அளவுக்கு இல்லை.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. முதலாவது, வண்டி ஓடாமல் நிற்கும்போது பார்க்கும் அழுத்தம். காலையில் 30 டிகிரி இருக்கும்போது ஆர்134ஏ உள்ள எந்த வண்டியிலும் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 97தான், 200 கிராம் இருந்தாலும் 97தான். கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. வீட்டு சமையல் சிலிண்டர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும் என்றால் சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கண்ணி கம்ப்ரஸர். பழைய வண்டிகளில் கேஸ் குறைந்தால் லோ சைடு விழும், கம்ப்ரஸர் டக் டக்கென்று நின்று நின்று ஓடும், எவருக்கும் தெரிந்துவிடும். இந்த வண்டியில் இருப்பது பிஸ்டன் ஓட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. லோ சைடு அழுத்தம் விழப் பார்த்தால் அது இழுப்பதைக் குறைத்துக்கொண்டு அழுத்தத்தை அதே இடத்தில் பிடித்து வைக்கும். கேஸ் பற்றாக்குறையை அதுவே மூடி மறைத்துவிடுகிறது, கேஜில் 33 நிற்கிறது, நாம் ஏமாறுகிறோம். எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். சில வருடங்களுக்கு முன் இதே அறிகுறியோடு வந்த ஒரு வண்டிக்கு டேஷ்போர்டைப் பிரித்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்ப மாட்டிக் கொடுத்து, கூலி கேட்க வாய் வராமல் நின்றிருக்கிறேன்.

கேஜை நம்ப முடியாதபோது குழாயைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய், காயில் முழுவதும் நனைந்திருந்தால், கையில் சில்லென்று வியர்த்து நிற்கும். இங்கே ஈரமே இல்லை. கிளிப் தெர்மாமீட்டரில் 19 டிகிரி. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவியால் பளபளப்பான அலுமினியக் குழாயைப் பார்க்காதீர்கள். அது குழாயின் சூட்டைப் படிக்காது, குழாயில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறச் சூட்டைப் படிக்கும். அதுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றி, டேப்பைப் பாருங்கள்.

கேஸ் கொதிப்பது 3 டிகிரியில், வெளியே வருவது 19 டிகிரியில். இடையில் 16 டிகிரி. சாதாரணமாக இது 5, 8 என்று இருக்க வேண்டும். திரவம் பாதி வழியிலேயே கொதித்துத் தீர்ந்துவிட்டது, மிச்ச வழி முழுவதும் வெறும் ஆவி ஓடி வருகிறது என்று அர்த்தம்.

வெறும் ஆவி ஏன் குளிர்விக்காது? ஒரு கிலோ ஆர்134ஏ திரவம் 0 டிகிரியில் ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 198 கிலோஜூல் சூட்டை விழுங்குகிறது. அதே ஒரு கிலோ, ஆவியாக மாறிய பிறகு, இன்னும் 10 டிகிரி சூடாவதற்கு எடுத்துக்கொள்வது வெறும் 9 கிலோஜூல் அளவுதான். ஆகவே திரவம் இருக்கும் இடம் வரைதான் காயில் வேலை செய்யும். இந்த வண்டியில் கேஸ் காயிலின் இடது பக்கம் நுழைந்து வலது பக்கமாகப் போய்ச் சுற்றி வருகிறது. இருக்கிற கொஞ்சத்தை இடது பாதி குடித்துவிட்டது.

அண்ணாச்சியிடம் இதைச் சொல்லப் படம் வரையலாம் என்று பேப்பர் எடுத்தேன். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, இது வாய்க்கா தண்ணி கணக்குல்லா! தலைமடைக்காரன் வயல்ல நெறஞ்சு நிக்கும், கடைமடைக்காரனுக்கு வெடிச்சுக் கெடக்கும்." அவருடைய வயல் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் ஆகக் கடைசியில் இருக்கிறதாம். காரிலும் கடைமடையில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவர் உவமையை அப்படியே நீட்டினால் இன்னொரு சந்தேகத்தையும் கேட்க வேண்டும். கடைமடை காய்வதற்கு அணையில் தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது மதகு பாதி அடைத்திருக்கலாம். இங்கே மதகு என்பது கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு. அது குப்பை அடைத்து நின்றாலும் காயிலின் மறு பாதி காயும், தடித்த குழாய் இதே போலச் சூடாகும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, கேஸை ஆற்றித் திரவமாக்கும் கன்டென்சரிலிருந்து வெளியே வரும் குழாய். மதகு அடைத்திருந்தால் தண்ணீர் மதகுக்கு இந்தப் பக்கம் தேங்கும். கன்டென்சருக்குள் திரவம் தேங்கி, நன்றாக ஆறி, கேஸ் திரவமாகும் வெப்பநிலையைவிட நிறையக் கீழே வெளியே வரும். இங்கே ஹை சைடு 170 பிஎஸ்ஐக்கு அந்த வெப்பநிலை சுமார் 49 டிகிரி. குழாயோ 46 காட்டியது. வெறும் 3 டிகிரி. தேக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மதகில் குற்றம் இல்லை, அணையில்தான் தண்ணீர் குறைவு.

தராசு

ரெகவரி மெஷினை மாட்டி உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் இழுத்தேன். முதல் இழுப்பில் 270 கிராம். பத்து நிமிடம் விட்டால் ஆயிலில் கரைந்திருப்பதும் கிளம்பி வரும், ஆகவே விட்டு மறுபடி இழுத்தேன். மொத்தம் 285. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொல்வது 500 கிராம். 215 கிராம் காணோம்.

'டாப்-அப்' என்று ஊர் முழுக்க நடக்கும் வேலையின் மீது எனக்கு இருக்கும் வெறுப்பை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், கேஜைப் பார்த்துக்கொண்டே கேனைத் தலைகீழாகப் பிடிப்பது. குறைவாகவும் போகும், கூடுதலாகவும் போகும். கூடினால் கன்டென்சர் திணறும், குளிர்ச்சி திரும்பவும் குறையும். போதாததற்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு சிலிண்டர்கள். 2011இல் கப்பல்களில் போகும் குளிர்ப் பெட்டகங்களில் ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸை ஏற்றி, அது கம்ப்ரஸரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, சில கம்ப்ரஸர்கள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். அந்தப் பெட்டகங்களுக்கு வியட்நாமில் சர்வீஸ் நடந்திருந்தது. கார் ஏசியும் அலுமினியம்தான். கேஸ் கணக்கில் மிச்சம் பிடிப்பதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்.

காணாமல் போன 215 கிராமுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காற்றைச் சூடாக்குவதில் ஆர்134ஏ கார்பன் டை ஆக்ஸைடைப் போல் 1430 மடங்கு. அந்த 215 கிராம் ஏறத்தாழ 307 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இந்தக் கேஸையே விடுவதில்லை. நம் ஊரில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே குறைந்தபட்சம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒழுகும் இடத்தைத் தேடியதில் நான் பட்ட பாடு தனி. நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றினேன். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவினேன். கன்டென்சர் முகத்தில் கல் அடித்த தழும்புகள் இருந்தன, ஒன்றிலும் குமிழி இல்லை. கம்ப்ரஸர் வாய், டிரையர் பக்கம், ஃபயர்வால் அருகே எக்ஸ்பான்ஷன் வால்வு பிளாக், எங்கேயும் இல்லை. ஒழுகும் இடத்தில் ஆயிலும் கூடக் கசிந்து தூசி அப்பி ஒரு கறுப்புத் தடம் இருக்கும். அதையும் காணோம். ஏசி தண்ணீர் சொட்டும் குழாயின் நுனியைத் துடைத்துப் பார்த்தேன், ஆயில் பிசுக்கு இல்லை. கூலிங் காயில் ஓட்டையாக இருந்தால் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு.

சரி, இரவு முழுக்க நிற்கட்டும் என்று கேஜோடு அப்படியே விட்டுப் போனேன். சாயங்காலம் 34 டிகிரியில் 150 இருந்தது. காலையில் 28 டிகிரி, 147. மூன்று பிஎஸ்ஐ குறைந்துவிட்டதே என்று பையன் பதறினான். வெப்பநிலை ஆறு டிகிரி இறங்கினால் மூடிய பாத்திரத்திலும் அவ்வளவு இறங்கத்தான் செய்யும். கணக்குப் போட்டால் சரியாக 147. ஆக, ஒழுக்கே இல்லை!

215 கிராம் போனது நிஜம், ஒழுக்கு இல்லை என்பதும் நிஜம். டீ குடித்துவிட்டு வந்து, வண்டி முன்னால் சும்மா நின்றேன். பிறகு கேஜைக் கழற்றி வைத்துவிட்டு யோசிப்போம் என்று லோ சைடு ஹோஸைக் கழற்றினேன். கழற்றிய போர்ட்டில் அரைச் சொட்டு சோப்புத் தண்ணீர் எப்படியோ விழுந்து தேங்கி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்கு நடுவில் கடுகு அளவு ஒரு குமிழி கிளம்பியது. பெரிதாகி உடைந்தது. இருபது நொடி கழித்து இன்னொன்று.

கேஸ் ஏற்றும் போர்ட்டின் வால்வு ஊசி. டயர் வால்வில் இருப்பது போன்றதுதான். என் கேஜ் ஹோஸ் அந்தப் போர்ட்டின் மீதே மாட்டியிருந்தது. ஹோஸின் ரப்பர் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொண்டதால் ஊசியின் ஒழுக்கு வெளியே வரவே இல்லை. இரவு முழுக்க நான் சோதித்தது ஒழுக்கு அடைக்கப்பட்ட ஏசியை. ஹோஸைக் கழற்றினால் ஒழுகும், மாட்டினால் நின்றுவிடும். எத்தனை வருடம் இந்தத் தொழில் செய்தாலும் சொந்தக் கருவியே கண்ணை மறைக்கும் என்பது முதலிலேயே தோன்றாது.

அந்தப் போர்ட்டுக்கு மூடியும் இல்லை. டாப்-அப் செய்த இடத்தில் எங்கேயோ வைத்து மறந்திருக்க வேண்டும். மூடி தூசிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, ஊசி கொஞ்சம் ஒழுகினாலும் நிறுத்துவது அதுதான். மூடி இல்லாமல் இரண்டு வருடத் தூசியில் ஓடியிருக்கிறது வண்டி. ஊசியைக் கழற்றிப் பார்த்தால் அதன் ரப்பர் விளிம்பில் மணல் துகள் ஒட்டியிருந்தது, நகத்தால் தட்டினால் விழுந்தது.

புது ஊசி, இரண்டு போர்ட்டுக்கும் ரப்பர் வளையத்தோடு புது மூடி. பிறகு பம்ப் வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி முக்கால் மணி நேரம் வாக்குவம். ஒன்று சொல்லிக்கொள்கிறேன், வாக்குவம் நின்றுவிட்டால் ஒழுக்கு இல்லை என்று முடிவு கட்டும் பழக்கம் இருக்கிறது. வாக்குவத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 15 பிஎஸ்ஐகூட இல்லை, அதுவும் வெளியிலிருந்து உள்ளே அமுக்குகிறது. ஓடும்போது 200 பிஎஸ்ஐ உள்ளிருந்து வெளியே தள்ளும். இந்த ஊசி மாதிரி நுண்ணிய ஒழுக்கு வாக்குவத்தில் தெரியாது. வாக்குவம் ஈரத்தை வெளியே எடுப்பதற்கு. ஒழுக்குக்கு நைட்ரஜன்தான்.

ரெகவரியில் வெளியே வந்த ஆயிலின் அளவுக்குப் புது பிஏஜி கம்ப்ரஸர் ஆயில், ஒழுகினால் யுவி விளக்கில் ஒளிரும் சாயம் கொஞ்சம், தராசில் வைத்து 500 கிராம் கேஸ். அதே நிழல், அதே 1500 சுற்று. லோ சைடு 33. ஆமாம், முன்பு இருந்த அதே 33தான்! ஹை சைடு 215. தடித்த குழாய் வியர்த்து ஒழுகியது. இடது வென்ட் 7, வலது வென்ட் 10.

மிச்சம் மூன்று டிகிரி

பத்தில் ஏழு போய்விட்டது. கிளாம்ப் போட்டபோது கதவின் கணக்கு என்று எழுதி வைத்த அதே மூன்று இன்னும் நிற்கிறது. அண்ணாச்சிக்கு அதுவே போதும், "இதுவே ஊட்டி மாதிரி இருக்கு, விடுங்க" என்றார். எனக்கு விட மனமில்லை.

"மாத்துனதுக்கு அப்புறம் கூடுதலா வேகுது" என்று அவர் முதல் நாளே சொன்னது இப்போதுதான் உறைத்தது. ஃபிளாப் மோட்டார் என்பது சின்ன டிசி மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், நிலையைச் சொல்ல உள்ளே ஒரு சென்சார். புது மோட்டார் போட்டால் கதவு எந்த இடத்தில் முட்டி நிற்கிறது, மறுபக்கம் எங்கே முட்டுகிறது என்று ஏசி கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். அந்த ஒர்க்‌ஷாப்பில் மாட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழைய மோட்டாரின் எல்லையை வைத்துக்கொண்டு, கதவு முழுவதும் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே "0 சதவீதம், வந்து சேர்ந்தாயிற்று" என்று நிறுத்திவிடுகிறது. ஸ்கேனரில் நான் பார்த்த 0 மோட்டாரைப் பற்றிய செய்தி. கதவு எங்கே நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்ததே இல்லை.

இந்த வண்டியில் ஸ்கேனர் வழியாகவே கற்றுக் கொடுக்கலாம். கட்டளை கொடுத்ததும் டேஷ்போர்டுக்குள் இரண்டு மோட்டாரும் முனகிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வந்தன. சில வண்டிகளில் ஏசி ஃபியூஸைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, எதையும் தொடாமல் சாவியை ஆன் செய்து காத்திருந்தால் அதுவே பழகிக்கொள்ளும். வண்டிக்கு வண்டி முறை வேறு, மேனுவலைப் பார்ப்பது நல்லது. பத்து நிமிடம் கழித்து இடது 7, வலது 7.

இதே அறிகுறியோடு வரும் எல்லா வண்டியும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று தாளம் போடும் சத்தம் கேட்டால் ஃபிளாப் மோட்டாரின் பல் உடைந்திருக்கும், அங்கே மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து சிக்னலில் சூடாகி, ஓடும்போது குளிர்ந்தால் கன்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஆனால் ஒற்றைத் திருகு மட்டும் உள்ள சாதாரண ஏசி வண்டியில் இடதும் வலதும் வேறு வேறாக வந்தால் ஃபிளாப்பைத் தேடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் கலப்புக் கதவு ஒன்றுதான். ஒரு கதவு ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்காது. நேராகத் தராசுக்குப் போங்கள்.

ஆகஸ்டு கடைசியில் அண்ணாச்சி வந்தார். யுவி விளக்கு அடித்துப் பார்த்தேன், எங்கும் பச்சை ஒளிரவில்லை. மூடியைக் கழற்றிப் போர்ட்டில் சோப்புத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பார்த்தேன், குமிழி வரவில்லை. வென்ட் இரு பக்கமும் ஒன்றுபோல. அப்போது டிக்கியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். போன வருடம் 'போய்விட்டது' என்று கழற்றிக் கொடுத்த பழைய ஃபிளாப் மோட்டார், தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தாராம். இரண்டு ஒயர் கொடுத்து பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது. ஒயரை மாற்றித் தொட்டேன், மறுபக்கமும் சுற்றியது. அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையில் திரும்பப் போட்டு முடிச்சுப் போட்டார்.